வேரை அளந்தவர்கள்

முகநூலில் கொஞ்சக் காலமாக ஒரு வகைப் படங்கள் சுற்றித் திரிகின்றன. நீங்களும் கண்டிருப்பீர்கள். வெள்ளைத் தாள், கறுப்புக் கோடு. தாளின் மேல் விளிம்பில் ஒரு சாண் செடி. அதற்குக் கீழே பக்கம் முழுக்க வலைபோல விரிந்து இறங்குகிற வேர்கள். பகிர்கிறவர்கள் பெரும்பாலும் 'இயற்கையின் ஓவியம்' என்றோ 'வேரை மறவாதே' என்றோ ஒரு வரி எழுதிவிடுவார்கள். யார் வரைந்தது, எப்படி வரைந்தது எண்டு கேட்கிற ஆக்கள் குறைவு.

அந்தப் படங்களில் கனக்க, ஒஸ்ரியாவைச் சேர்ந்த லோரே குட்ஷேரா என்கிற தாவரவியலாளரும் அவரோடு சேர்ந்து உழைத்த எர்வின் லிக்டெனெக்கரும் வெளியிட்ட 'வேர் அட்லஸ்' தொகுதிகளில் இருந்து வந்தவை. முதல் தொகுதி 1960இல் வந்தது. அதில் மத்திய ஐரோப்பாவின் வயற் களைகளும் பயிர்களும் இருந்தன. பிறகு பல பத்தாண்டுகளாக அந்த வேலை தொடர்ந்தது. அப்படி ஒரு படத்தை வரைய வேணும் எண்டால், முதலில் ஒரு ஆள் செடிக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டி அதற்குள் இறங்க வேணும். பிறகு மண்ணைத் துகள் துகளாக விலக்கி, ஒவ்வொரு வேரும் எங்கே வளைகிறது, எங்கே கிளைக்கிறது, எவ்வளவு ஆழத்தில் முடிகிறது என்று அளந்து தாளில் குறிக்க வேணும். வேலை முடியும்போது படம் இருக்கும், செடி இருக்காது.

நான் தாவரவியல் படிக்கிற ஆள் இல்லை, கலைப்பீடத்துப் பிள்ளை. ஆனால் இந்தச் சிக்கல் வரலாறு படிக்கிறவர்களுக்குப் பழக்கமானது. தொல்லியல் அகழ்விலும் இதுதான் நடக்கிறது. ஒரு மண்படையைத் தோண்டிவிட்டால் அது திரும்ப வராது, பதிவு மட்டுமே மிஞ்சும். அழித்தால்தான் பார்க்கலாம் என்கிற ஒரு பொருளை மனிதர்கள் எப்போது, எதற்காகப் பார்க்க முடிவெடுத்தார்கள்? பார்த்ததை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை? இந்தக் கேள்விகளோடுதான் வேர் அளவையின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

ஒரு பாதிரியாரும் ஒரு சூரியகாந்தியும்

இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் டெடிங்டன் என்று ஓர் ஊர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பங்குக் குருவாக இருந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். எதைக் கண்டாலும் நிறுத்துப் பார்க்கிற, அளந்து பார்க்கிற மனிதர். குதிரையின் இரத்த அழுத்தத்தைக் கண்ணாடிக் குழாய் வைத்து அளந்தவரும் இவர்தான். ஒரு செடி ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது இவருடைய கேள்விகளில் ஒன்று.

1724ஆம் ஆண்டு கோடையில் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைச் சட்டியில் வைத்து, சட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். தண்ணீர் வெளியேறினால் அது செடியின் வழியாகத்தான் வெளியேற வேணும். பிறகு காலையும் மாலையும் சட்டியை நிறுத்தார். பகல் 12 மணித்தியாலத்தில் சராசரியாக 1 இறாத்தல் 4 அவுன்ஸ் குறைந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. கால் அங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய சட்டம் ஒன்றை இலைகளின் மேல் வைத்துப் பரப்பைக் கணக்கிட்டார். பிறகு வேரையும் அளந்தார். மண்ணுக்கு மேலே உள்ள பரப்பு 39 சதுர அடி. வேர்களின் மொத்த நீளம் 1,448 அடி, பரப்பு கிட்டத்தட்ட 16 சதுர அடி. 1727இல் வெளிவந்த 'வெஜிடபிள் ஸ்டாடிக்ஸ்' நூலில் இந்த எண்கள் இருக்கின்றன. வேர் என்பது செடியின் 'அடிப்பகுதி' என்ற நிலையில் இருந்து, எண்களால் பேசக்கூடிய ஒரு உறுப்பாக மாறுவதை இங்கே காணலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஹேல்ஸின் கணக்கில் வேரின் பரப்பு இலைப் பரப்பின் பாதிக்கும் குறைவு. மேலே பெரிசு, கீழே சின்னன். அவருடைய கண்ணுக்கும் கருவிக்கும் எட்டியது அவ்வளவுதான். இந்த விகிதம் தலைகீழாக மாற இன்னும் 200 வருசம் போக வேண்டியிருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

நெப்ராஸ்காவில் வெட்டிய கிடங்குகள்

வேரைச் சட்டியில் இருந்து எடுத்து அளப்பது ஒரு விசயம், அது உண்மையில் வாழ்கிற நிலத்தில் போய்ப் பார்ப்பது இன்னொரு விசயம். இந்த இரண்டாவது வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஜோன் வீவர். 1884இல் பிறந்தவர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரைச் சுற்றி இருந்தது பிரெய்ரி எனப்படும் புல்வெளி. அதைக் கடந்து போனவர்களுக்கு அது வெறும் புல், மரம் இல்லாத வெறுமை.

வீவரின் முறை கேட்க எளிமையானது. செடிக்குப் பக்கத்தில் ஆள் இறங்கி நிற்கக்கூடிய நீளமான கிடங்கு ஒன்றை வெட்டுவார்கள். தொடக்கத்தில் ஐந்தடி ஆழம். வேர் இன்னும் இறங்கினால் கிடங்கும் இறங்கும். பிறகு கிடங்கின் சுவரில் இருந்து, கையால் பிடிக்கிற கூரான சிறு கொத்தியால் மண்ணை மெல்ல மெல்ல உதிர்த்து வேரை வெளியே எடுப்பார்கள். எடுக்க எடுக்க, அங்கேயே நின்று, கட்டம் போட்ட தாளில் அளவுத்திட்டப்படி வரைவார்கள். புகைப்படம் இந்த வேலைக்கு உதவாது. வேர்கள் முன்னும் பின்னும் ஒன்றையொன்று மறைக்கும், மண்ணின் நிறத்திலேயே இருக்கும். அளந்து வரைகிற கைதான் நம்பகமானது.

1919இல் வந்த அவருடைய 'வேர்களின் சூழலியல் உறவுகள்' என்ற நூலிலும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் வேர்கள் இப்படி வெளிக்கொண்டு வரப்பட்டன. அவர் கண்டவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். புல்வெளிக்குரிய 43 இனங்களை எடுத்துப் பார்த்தபோது, 14 வீதமானவை மேல் இரண்டடிக்குள் மட்டும் நீர் எடுத்தன. 21 வீதமானவை இரண்டடியைத் தாண்டி இறங்கினாலும் ஐந்தடிக்குக் கீழே போவது அரிது. மிகுதி 65 வீதமும் ஐந்தடிக்குக் கீழே போயிருந்தன. சில எட்டு, பன்னிரண்டு அடி. சில அதற்கும் கீழே.

அதாவது மேலே ஒரே பச்சையாகத் தெரிந்த புல்வெளிக்குக் கீழே மாடி மாடியாக ஒரு குடியிருப்பு இருந்தது. ஒரே துண்டு நிலத்தில் பல இனங்கள் அடுத்தடுத்து நெருக்கமாக நிற்க முடிந்ததற்கு, அவை வேறு வேறு ஆழங்களில் தண்ணீர் எடுத்தது ஒரு முக்கிய காரணம். மேலே இருந்து பார்க்கிறவர் கண்டது போட்டி. கிடங்குக்குள் நின்று பார்த்தவர் கண்டது பங்கீடு.

அதே வருசம் வந்த இன்னொரு புத்தகம்

வீவரைப் பற்றி எழுதுகிறவர்கள், 'வேரின் உலகத்தை முதன்முதலில் திறந்து காட்டியவர்' என்பது மாதிரி எழுதுவதுண்டு. இந்த 'முதன்முதலில்' என்ற சொல்லில் கொஞ்சம் நிதானிக்க வேணும்.

அதே 1919இல், அதே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்த மெல்வின் கில்மோர் என்பவருடைய ஆய்வும் அச்சில் வந்தது. மிசூரி ஆற்றுப் பிரதேசத்துப் பூர்வகுடிகள் தாவரங்களை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது அதன் பொருள். டக்கோட்டா, ஒமாஹா, போங்கா, பவ்னி மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அதிலும் வேர்கள் வருகின்றன. பிரெய்ரி டர்னிப் எனப்படும் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது தடித்த தோலுள்ள, மாச்சத்து நிறைந்த வேர். தோண்டுகோலால் கிண்டி எடுத்து, தோல் உரித்து, நீண்ட வால்வேர்களைப் பின்னலாகப் பின்னி, காய வைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். எக்கினேசியா செடியின் வேர் பாம்புக்கடிக்கும் வேறு பல நோவுகளுக்கும் மருந்தாக இருந்தது.

இந்த மக்கள் வேரை அடிக்கணக்கில் அளக்கவில்லை. ஆனால் எந்தச் செடி எங்கே வேரில் உணவைச் சேர்த்து வைக்கும், எந்தப் பருவத்தில் தோண்ட வேணும், மேலே தண்டு காய்ந்து காற்றில் பறந்து போவதற்கு முதல் எப்படி இடத்தைக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேரைப் பற்றிய அறிவு அந்த மண்ணில் ஏற்கனவே இருந்தது. அந்த அறிவை வைத்திருந்தவர்கள்தான் அங்கே இருக்க விடப்படவில்லை. வீவர் கிடங்கு வெட்டுவதற்கு ஏறக்குறைய 40 வருசத்துக்கு முன்னர், 1870களில், பவ்னி மக்கள் நெப்ராஸ்காவில் இருந்த கடைசி நிலத்தையும் விட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போக வேண்டி வந்தது. 1862இன் குடியேற்றச் சட்டம், ஐந்து வருசம் இருந்து பயிர் செய்கிறவருக்கு 160 ஏக்கர் என்று நிலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிலம் 'வெறுமையாக' இருந்தது என்ற கதை அப்படித்தான் உண்டாக்கப்பட்டது. இந்தக் கதையின் வடிவம் எங்களுக்கு விளங்காத ஒன்று இல்லை.

வீவரின் வேலையை இது சிறிதாக்கவில்லை. ஆனால் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் யார் இல்லாமல் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் படங்களைப் பார்க்க வேணும்.

படம் இருந்தது, பார்த்தவர் இல்லை

1926இல் வீவர் பயிர்களின் வேர் வளர்ச்சி பற்றித் தனியாக ஒரு நூலை வெளியிட்டார். கோதுமை, சோளம், பீற், உருளைக்கிழங்கு என்று அன்றைய விவசாயிகள் பயிரிட்டவை எல்லாம் அதில் இருந்தன. பயிர் வேர் என்றால் உழுகிற ஆழத்துக்குள் மட்டும் இருப்பது என்ற எண்ணத்தை அந்த நூல் உடைத்தது. கோதுமை வேரும் பல அடி ஆழம் போகும்.

ஆகவே அடுத்து நடந்ததை 'புல்லுக்கு ஆழ வேர், கோதுமைக்கு மேலோட்ட வேர், அதனால் அழிவு' என்று சுருக்கிச் சொன்னால் அது பிழை. வித்தியாசம் ஆழத்தில் மட்டும் இல்லை, காலத்திலும் இருக்கு. பிரெய்ரிப் புல் பல்லாண்டுத் தாவரம். மேலே காய்ந்தாலும் கீழே உயிரோடு இருக்கும், மேல்மண்ணை மெத்தை மாதிரி பின்னி வைத்திருக்கும். கோதுமை ஒரு பருவப் பயிர். அறுத்தவுடன் வேர் செத்து உக்கத் தொடங்கும். அடுத்த விதைப்புவரை நிலம் உழுது பொடியாக்கப்பட்டு வெறுமையாகக் கிடக்கும்.

முதலாம் உலகப் போர் கோதுமை விலையை ஏற்றியது. உழவு இயந்திரமும் வட்டுக் கலப்பையும் வந்தன. 1920களில் தென் சமவெளிகளில் பல மில்லியன் ஏக்கர் புல்தரை புரட்டப்பட்டது. பிறகு விலை விழுந்தது. விலை விழுந்தால் குறைத்து உழ வேணும் எண்டுதான் நாங்கள் நினைப்போம். நடந்தது மறுவளம். கடன் கட்ட வேண்டியவன், குறைந்த விலையில் அதே வருமானத்தை எடுக்க இன்னும் கூடுதலாக உழுதான். 1930களின் தொடக்கத்தில் மழையும் நின்றது. விதைத்த கோதுமை முளைக்கவில்லை. மண்ணைப் பிடித்து வைக்க உயிருள்ள வேர் ஒன்றும் இல்லை. காற்று மண்ணைத் தூக்கியது. 1935 ஏப்ரல் 14, 'கறுப்பு ஞாயிறு', அந்தப் புழுதிப் புயல்களில் மிகப் பெயர்பெற்ற நாள். அந்த மாதமே, ஏப்ரல் 27இல், மண்காப்புச் சட்டம் கையெழுத்தானது. ஹியூ பென்னட் தலைமையில் மண்காப்புச் சேவை உருவானது.

காலவரிசையைப் பாருங்கள். வீவரின் முதல் நூல் 1919, பயிர் வேர்கள் பற்றிய நூல் 1926. நிலம் ஆகக் கூடுதலாக உழப்பட்டது அதே பத்தாண்டில். மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற படம் அச்சில் இருந்தது, நூலகத்தில் இருந்தது. நிலத்தின் விலையையும் கோதுமையின் விலையையும் தீர்மானித்தவர்களின் மேசையில் அது இருக்கவில்லை. ஏக்கருக்கு எத்தனை புசல் விளைந்தது என்று அவர்கள் அளந்தார்கள். அந்த அளவு நல்லாத்தான் இருந்தது, புயல் வரும்வரை.

1936இல் வீவரும் ஜோசப் கிரேமரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். மண் கட்டிகளைப் பெயர்த்து எடுத்து, அவற்றின் மேல் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி, எந்த மண் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தார்கள். புல்தரை மண் பயிர் நிலத்து மண்ணைவிட எவ்வளவோ நேரம் கரையாமல் நின்றது. மேலே உள்ள இலைகளை வெட்டி நீக்கிய பிறகும் வேர் மட்டும் மண்ணைப் பிடித்து வைத்தது. இதைச் செய்து காட்டிய நேரத்தில் மண் ஏற்கனவே பறந்துவிட்டது.

ஒரு பெட்டியும் 1,400 கோடி மயிர்களும்

இனி ஹேல்ஸின் விகிதத்துக்கு வருவோம். 1937இல் அயோவாவைச் சேர்ந்த ஹவார்ட் டிட்மர் ஒரேயொரு றை செடியின் வேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். றை என்பது கோதுமைக்கு உறவான ஒரு தானியம். 12 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம், 22 அங்குலம் ஆழமான பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த செடி. மண்ணைக் கழுவி நீக்கி, வேர்களை வகை பிரித்து எண்ணி, மாதிரிகளை நுணுக்குக்காட்டியில் வைத்து வேர்மயிர்களையும் கணக்கிட்டார்.

கிடைத்த எண்கள் இவை. வேர்கள் 1 கோடி 38 இலட்சம் அளவில். அவற்றின் மொத்த நீளம் 387 மைல், அதாவது 620 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போய், திரும்பி அநுராதபுரம் வரைக்கும் வந்துவிடலாம். வேர்மயிர்கள் 1,400 கோடி. அவற்றையும் நீட்டினால் இன்னும் 6,600 மைல். மண்ணுக்குக் கீழே இருந்த மொத்தப் பரப்பு, மேலே இருந்த தண்டுகளினதும் இலைகளினதும் பரப்பைப்போல ஏறக்குறைய 130 மடங்கு. சராசரி எடுத்தால் அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு நாளும் ஐந்து கிலோமீற்றர் வேர் புதிதாக வளர்ந்திருக்கிறது. நாங்கள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாலும் ஒரு சத்தமும் கேட்டிருக்காது.

சூரியகாந்தியும் றையும் வேறு வேறு செடிகள், நேரடியாக ஒப்பிட ஏலாது. ஆனாலும் பாதிக்கும் குறைவு என்பதில் இருந்து 130 மடங்கு என்பதற்கு வந்த தூரம், செடியின் வித்தியாசத்தால் மட்டும் வந்ததில்லை. எதை எண்ணுவது என்ற முடிவும் மாறியிருக்கிறது. ஹேல்ஸ் கண்ணுக்குத் தெரிந்த வேரை அளந்தார். டிட்மர் வேர்மயிரையும் சேர்த்தார். செடி மண்ணோடு கொடுக்கல் வாங்கல் செய்கிற பரப்பில் பெரும்பகுதி அந்தக் கண்ணுக்குத் தெரியாத மயிர்களில்தான் இருந்தது. எண்ணாமல் விடப்படுகிறது சின்னது எண்டு அர்த்தம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு ஆய்வாளரும் டிட்மர் மாதிரி ஒரு செடியோடு மல்லுக்கட்ட முடியாது. 1966இல் நியூமன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் ஒரு குறுக்குவழியைக் கொண்டுவந்தார். கழுவிய வேர்களைத் தட்டில் பரப்பி, அதன் மேல் கோடுகளை வைத்து, வேர் கோட்டை எத்தனை தரம் வெட்டுகிறது என்று எண்ணினால் போதும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் புஃபோன், கோடு போட்ட தரையில் ஊசியை எறிந்தால் அது கோட்டில் விழும் வாய்ப்பு என்ன என்று கேட்ட நிகழ்தகவுக் கணக்கின் உறவினர்தான் இது. 1975இல் டெனன்ட் அதை இன்னும் எளிமையாக்கினார். சதுரக் கட்டம் போட்ட தாளில், வெட்டுப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கட்டத்தின் அளவால் பெருக்கி, 11/14ஆல் பெருக்க வேணும். ஒரு சென்ரிமீற்றர் கட்டத்தில் வேர் 100 இடத்தில் கோட்டை வெட்டினால், நீளம் ஏறக்குறைய 79 சென்ரிமீற்றர். கட்டத்தாளும் பென்சிலும் பொறுமையும் இருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் செய்யலாம். பின்னாளில் ஸ்கானரும் கணினியும் இந்த எண்ணும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டன.

வேரின் கோணம்

நீளம், எண்ணிக்கை, பரப்பு எல்லாம் அளந்தாயிற்று. மிஞ்சியது வடிவம். அதே நீளமான வேர் மேலே பரவிக் கிடக்கலாம், செங்குத்தாக இறங்கலாம். இரண்டும் ஒன்றல்ல. மேல்மண்ணில் பரவுகிற வேர், அங்கே தங்கியிருக்கும் பொசுபரசை எடுக்க வசதியானது. ஆழமாக இறங்குகிற வேர், வரட்சியில் கீழே மிஞ்சியிருக்கிற தண்ணீரை எடுக்கும். ஆகவே 'நல்ல வேர்' என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்த மண்ணுக்கு, எந்த மழைக்கு என்று கேட்க வேணும்.

பசுமைப் புரட்சிக் காலத்தில் இந்தக் கேள்வி முன்னுக்கு வரவில்லை. 1966இன் ஐஆர்8 தொடங்கி வந்த நெல்லினங்கள் தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கிற வயல்களை மனதில் வைத்துத் தெரிவு செய்யப்பட்டவை. குட்டையான தண்டு, கூடிய விளைச்சல், இவைதான் அளவுகோல். தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் வேர் ஆழமாகப் போக வேண்டிய தேவையும் இல்லை. 1985இல் வந்த ஐஆர்64 ஆசியாவில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட இனங்களில் ஒன்று. அதன் வேர் ஆழம் குறைந்தது. மழை பிழைக்கிற வருசத்தில்தான் அது தெரியும்.

2013இல் ஜப்பானின் யுசாகு உகாவும் அவருடைய குழுவினரும் டிஆர்ஓ1 என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். வேர் எந்தக் கோணத்தில் வளைந்து இறங்கும் என்பதில் அதற்குப் பங்கு இருக்கு. பிலிப்பைன்ஸின் மேட்டுநிலப் பாரம்பரிய நெல்லான கினாண்டாங் பத்தோங்கில் இருந்து அந்த மரபணு வடிவத்தை ஐஆர்64க்கு இனக்கலப்பின் மூலம் கொண்டுவந்தபோது, புதிய நெல்லின் வேர் ஆழமாக இறங்கியது. கடும் வரட்சியில் ஐஆர்64 கிட்டத்தட்ட ஒன்றும் தராத இடத்தில் இது ஓரளவு விளைந்தது.

அவர்கள் வேரின் கோணத்தை அளந்த ஒரு வழி எனக்குப் பிடித்தது. அரிதட்டு மாதிரிக் கம்பிவலைக் கிண்ணம் ஒன்றை மண்ணில் புதைத்து, அதற்குள் நெல்லை நட்டு, பிறகு கிளப்பி, எத்தனை வேர் கிண்ணத்தின் அடியால் வெளியே வந்திருக்கு, எத்தனை பக்கத்தால் வந்திருக்கு என்று எண்ணுவது. மரபணு ஆய்வுகூடத்துக்குள்ளும் கடைசியில் ஒரு ஆள் குந்தியிருந்து வேர் எண்ணத்தான் வேண்டியிருக்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேணும். அந்த மரபணு புதிதாக உருவாக்கப்பட்டதல்ல. மழையை மட்டும் நம்பிய மேட்டுநில விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வைத்திருந்த நெல்லில் அது ஏற்கனவே இருந்தது. கில்மோரின் புத்தகத்தில் பார்த்த அதே விசயம்தான். அளவுகோல் பிந்தி வருகிறது, அறிவு வேறெங்கோ முந்தியே இருக்கிறது.

இப்போது தோண்டாமலும் பார்க்கிறார்கள். மருத்துவமனைகளில் உள்ள சீரி ஸ்கான் தொழில்நுட்பத்தைக் கொண்டு சட்டிக்குள் இருக்கிற வேரை உயிரோடு படம் பிடிக்கலாம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுகூடம் இருக்கு. அந்தத் தொழில்நுட்பத்துக்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஒரே செடியை இன்றும் நாளையும் அடுத்த கிழமையும் பார்க்கலாம் என்பது ஹேல்ஸோ வீவரோ நினைத்தும் பார்த்திராத விசயம். ஆனாலும் எக்ஸ் கதிருக்கு ஈரமண்ணும் வேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் தெரியும், பிரித்தெடுப்பது சிரமம். சட்டியின் அளவுக்கும் எல்லை இருக்கு. 12 அடி ஆழத்தில் ஒரு புல் என்ன செய்கிறது எண்டு அறிய வேணும் எண்டால் இன்றைக்கும் மண்வெட்டிதான்.

நாங்கள் சொல்கிற 'வேர்'

எங்கட பேச்சில் 'வேர்' என்பது பாரமான சொல். வேரைத் தேடுகிறோம், வேரை இழந்தோம் என்கிறோம், வேரோடு பிடுங்கப்பட்டோம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற படம் பெரும்பாலும் ஆணிவேர். ஒரே இடத்தில், ஒரே திசையில், மாறாமல் இறங்கி நிற்கிற ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஆணிவேர், நார்வேர் என்று இரண்டு வகை படித்தோம். உவமைக்கு மட்டும் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அளந்தவர்கள் கண்ட வேர் வேறு மாதிரி. அதன் நுண்ணிய பகுதிகள் பல செடிகளில் கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் செத்துச் செத்துப் புதிதாக முளைக்கின்றன. தண்ணீர் இருக்கிற பக்கம் திரும்புகின்றன. பக்கத்துச் செடியின் ஆழத்தை விட்டு வேறு ஆழத்துக்குப் போகின்றன. பலமாகத் தெரிகிற தடித்த பகுதி பிடித்து நிற்கிறது, உயிரைக் காக்கிற வேலையில் பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத மயிர் செய்கிறது. உவமையை விட்டுவிட வேணும் எண்டு நான் சொல்லவில்லை. பாவிக்கிறது எண்டால் இந்த வேரையும் சேர்த்துப் பாவிக்கலாம்.

வீவர் 1966இல் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் கிடங்கு வெட்டிய புல்வெளிகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. வட அமெரிக்காவின் உயர்புல் பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது 4 வீதம் அளவே. மிகுதி சோளமும் சோயாவும் வீதியும் ஊரும் ஆகிவிட்டது. இன்று அங்கே பழைய புல்வெளியைத் திரும்ப உருவாக்க முயல்கிறவர்கள், எந்த இனம் எந்த ஆழத்தில் இருந்தது, எது எதோடு சேர்ந்து நின்றது என்று தேடும்போது அந்தப் பழைய கட்டத்தாள் வரைபடங்களுக்குத்தான் போகிறார்கள். படத்துக்காக அன்று சில நூறு செடிகள் தோண்டப்பட்டுச் செத்தன. தோண்டப்படாத மிகுதிப் புல்வெளி கலப்பைக்குக் கீழே போனது. அதன் வேரை அளந்து வைத்த தாள் இருக்கு.